பிளக் மேல் போட்ட பழி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "தொழில்நுட்பமா ஏதாவது பேசுங்க. ஆனா உங்க பேச்சு சாப்பாட்டுக்கு முந்தி இருக்கு, அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க" என்றார். நாலு வருஷம் இந்த விடுதியில் இருந்தவன் நான். பசியின் அருமை எனக்குத் தெரியும். ஆகவே சுருக்கமாகவே சொல்லி முடிக்கிறேன்.

என் கையில் இருப்பது ஒரு ஹோமியோபதி மாத்திரைப் புட்டி. உள்ளே மாத்திரை இல்லை. சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு குளோ பிளக் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்லூரி ஆண்டு விழாவில், நம் விளையாட்டு மைதானத்தில் ஒரு மாதிரி விமானம் குப்புற விழுந்தது சிலருக்கு நினைவிருக்கும். அந்த விமானத்தின் பிளக் இதுதான். "இந்த மட்டமான பிளக்கால்தான் விழுந்தது" என்று அன்று நான் சொன்னேன். இதை வாங்கி வந்த ஜூனியர் மாணவர் மேல் பழியைப் போட்டேன். இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று விளக்குவதற்காகத்தான், நம்பகமான குளோ பிளக்கைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதையே இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொண்டேன்.

குளோ பிளக் என்பது என்ன?

என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தவர்களுக்கு இந்த என்ஜினைப் பற்றித் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்கூட்டரில் உள்ள ஸ்பார்க் பிளக் வேறு, இது வேறு. "இந்த நொடியில் பொறி விடு" என்று ஸ்பார்க் பிளக்குக்கு உத்தரவு போட ஓர் ஏற்பாடு உண்டு. டீசல் வண்டியிலும் குளோ பிளக் என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதன் முக்கிய வேலை குளிர்ந்து கிடக்கும் என்ஜினைக் கிளப்பிவிடுவது. மாதிரி விமானத்தின் குளோ பிளக்கோ என்ஜின் ஓடும் நேரம் பூராவும் வேலை செய்கிறது.

அதன் உள்ளே பிளாட்டினம் கலந்த மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. கிளப்பும்போது 1.2 முதல் 1.5 வோல்ட் வரை கொடுத்தால் கம்பி ஆரஞ்சு நிறத்தில் கனலும். என்ஜின் ஓட ஆரம்பித்ததும் பாட்டரியைக் கழற்றிவிடுவோம். அதற்கப்புறமும் கம்பி கனன்றுகொண்டேதான் இருக்கும். மின்சாரம் இல்லாமல் எப்படி? சிலிண்டருக்குள் ஒவ்வொரு முறை எரியும்போதும் உண்டாகும் சூடு ஒரு காரணம். இன்னொரு காரணம், பிளாட்டினம் ஒரு வினையூக்கி. மெத்தனால் ஆவியும் காற்றும் சூடான பிளாட்டினத்தின் மேல் பட்டால் அந்த இடத்திலேயே வினை நடந்து சூடு பிறக்கும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. நிலக்கரி வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினம் கம்பி சுடரே இல்லாமல் கனன்றுகொண்டிருப்பதை 1817-லேயே ஹம்ப்ரி டேவி பார்த்துவிட்டார். சுரங்கத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு விளக்கு செய்தாரே, அதே டேவிதான். சுமார் 130 வருஷம் கழித்து, 1940-களின் பிற்பகுதியில், அமெரிக்காவில் ரே ஆர்டன் என்பவர் குளோ பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஸ்பார்க் பிளக், காயில், கண்டென்சர், பாட்டரி எல்லாவற்றையும் அந்தச் சின்ன விமானமே தூக்கிக்கொண்டு பறக்க வேண்டியிருந்தது. பிளக் வந்ததும் அந்தச் சுமை முழுக்கக் குறைந்துவிட்டது.

ஆனால் சுமை குறைந்ததற்கு ஒரு விலையும் உண்டு. எப்போது பற்றவைப்பது என்று முடிவு செய்ய இந்த என்ஜினில் தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. கம்பி எவ்வளவு சூடு, அழுத்தம் எவ்வளவு, எரிபொருளில் என்ன கலந்திருக்கிறது, காற்றுக்கு எரிபொருள் எந்த அளவு - இந்த நாலும் சேர்ந்துதான் அந்த நேரத்தை முடிவு செய்கின்றன. ஆகவே பிளக்கைத் தேர்ந்தெடுக்கிறோம் என்றால் உண்மையில் பற்றவைக்கும் நேரத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறோம். இன்றைய பேச்சில் ஒரே ஒரு வரியை வீட்டுக்கு எடுத்துப் போவதாக இருந்தால் இந்த வரியை எடுத்துப் போங்கள்.

சூடு பிளக், குளிர் பிளக்

பிளக்குகளில் சூடான வகை, நடுத்தர வகை, குளிர்ந்த வகை என்று உண்டு. சூடான வகையில் கம்பி தன் சூட்டை எளிதில் இழக்காது. கலவை சீக்கிரம் பற்றிக்கொள்ளும். குளிர்ந்த வகையில் சற்றுத் தாமதமாகப் பற்றும்.

எரிபொருளில் பெரும்பங்கு மெத்தனால். உராய்வைக் குறைக்க விளக்கெண்ணெயோ செயற்கை எண்ணெயோ ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சேர்ப்பார்கள். கூடுதல் சக்திக்காகவும் குறைந்த வேகத்தில் சீராக ஓடுவதற்காகவும் கொஞ்சம் நைட்ரோமீத்தேன் சேர்ப்பதுண்டு. நைட்ரோ கூடினால் பற்றுவது முந்திவிடும். ஆகவே நைட்ரோ இல்லாத எரிபொருளுக்குச் சூடான பிளக், நைட்ரோ ஏற ஏறக் குளிர்ந்த பிளக் என்பது பொது விதி. சின்ன என்ஜினுக்குச் சூடானது, பெரிய என்ஜினுக்கு அதைவிடக் குளிர்ந்தது. ஃபோர் ஸ்ட்ரோக் என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் எரிகிறது, நடுவில் கம்பி ஆறிப்போகும். அதனால் அதற்கென்றே சூட்டைத் தக்கவைக்கும் தனி பிளக் செய்கிறார்கள்.

பிளக்கின் எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். ஜப்பானின் எனியா பிளக்கில் 3 என்றால் சூடான வகை, 6 என்றால் குளிர்ந்த வகை. அதே ஜப்பானின் ஓ.எஸ். பிளக்கில் 8 என்பது பொது உபயோகத்துக்கான வகை. ஒரு கம்பெனியின் 6-ஐயும் இன்னொரு கம்பெனியின் 8-ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. செருப்பு அளவு மாதிரி இல்லை இது.

ஆண்டு விழா அன்று

இப்போது 2009-க்கு வருகிறேன். எங்கள் கிளப்பில் இருந்தது 40 சைஸ் என்ஜின், அதாவது 6.5 சி.சி. நைட்ரோவுக்கு எங்களிடம் காசும் இல்லை, கிடைக்கிற வழியும் இல்லை. மெத்தனால் எண்பது பங்கு, விளக்கெண்ணெய் இருபது பங்கு. அதுதான் எங்கள் கலவை. அதற்குப் பொருத்தமாகச் சூடான வகை பிளக் வாங்கச் சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் என் கையாலேயே எழுதி இரண்டாம் வருஷ மாணவர் ஒருவரிடம் கொடுத்தேன். அவரும் பஸ் பிடித்துப் போய்ச் சீட்டில் எழுதியிருந்ததையே வாங்கி வந்தார். அதுவரைக்கும் எல்லாம் சரி.

விழாவுக்கு முந்தின நாள் தெரிந்தவர் ஒருவர் அன்போடு ஒரு பாட்டில் எரிபொருள் கொடுத்தார். அதில் 15 சதவீதம் நைட்ரோ. எங்களுக்கு ஒரே குஷி. பழைய கலவையைக் கொட்டிவிட்டு இதை ஊற்றினோம். பிளக்கை மாற்றவில்லை. எரிபொருள் ஊசியையும் பழைய இடத்திலேயே விட்டுவிட்டோம்.

எஞ்சினீயர்களுக்கு இங்கே ஒரு கணக்கு. ஒரு கிலோ மெத்தனால் முழுசாக எரிய ஏறக்குறைய 6.5 கிலோ காற்று வேண்டும். ஒரு கிலோ நைட்ரோமீத்தேனுக்கு 1.7 கிலோ போதும். அப்படியானால் நைட்ரோ கலந்த எரிபொருளுக்கு ஊசியை இன்னும் திறந்து, அதிக எரிபொருள் விட வேண்டும். ஊசியை அப்படியே விட்டால் கலவை மெலிந்து போகும். நான் அப்படியே விட்டதோடு நிற்கவில்லை. மேடையில் முதல்வரும் சிறப்பு விருந்தினரும் உட்கார்ந்திருக்கிறார்கள், சத்தம் கம்பீரமாக இருக்கட்டுமே என்று ஊசியை இன்னும் கொஞ்சம் மூடினேன். வேகம் ஏறியது. எனக்கும் தலைக்கனம் ஏறியது.

அப்போது விமானத்தின் வாலைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஜூனியர் சொன்னார்: "அண்ணே, எண்ணெயில கடுகு போட்ட மாதிரி சடசடன்னு ஒரு சத்தம் வருதுண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கடுகு தாளிக்கணும்னா மெஸ்ஸுக்குப் போ. கையை எடு."

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர் கையை எடுத்தார். விமானம் ஓடி, எழும்பி, தென்னை மர உயரம் போனதும் என்ஜின் நின்றுவிட்டது. நேராக இறக்கியிருந்தால் எதிரே புதர்க்காட்டில் விழுந்து, இறக்கையோடு போயிருக்கும். நான் பதறிப்போய் மைதானத்துக்கே திருப்பப் பார்த்தேன். வேகம் இல்லாமல் திருப்பினால் இறக்கை தூக்காது என்று ஏரோடைனமிக்ஸ் பாடத்தில் படித்திருக்கிறோம். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். கையில் அது வரவில்லை. இரண்டரை கிலோ விமானம், முதல் வரிசை நாற்காலிகளுக்குப் பதினைந்து அடி தள்ளி, மூக்கு குத்தி விழுந்தது. அந்த வரிசையில் ஆசிரியர்களின் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கம்பி அறுந்திருந்தது. அத்தனை பேர் முன்னாலும் அந்த ஜூனியரைப் பார்த்து, "அஞ்சு ரூபா மிச்சம் பிடிக்க மட்டமான பிளக் வாங்கினியா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. என் சீட்டு அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. அதை எடுத்துக் காட்டவும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அவர் கிளப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

பிளக் சொன்ன சாட்சி

அந்த பிளக்கை ஏனோ நான் தூக்கிப் போடவில்லை. படிப்பு முடிந்து, என்ஜின் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். உடைந்து திரும்பி வரும் பாகங்களைப் பரிசோதிக்கும் பிரிவு என்னுடையது. அங்கே முதலில் கற்றுக்கொண்ட பாடம்: உடைந்து வரும் பாகம் பல சமயம் குற்றவாளியாக இருக்காது, சாட்சியாகத்தான் இருக்கும். ஒரு நாள் மதிய இடைவேளையில் இந்தப் புட்டியைத் திறந்து, பிளக்கை மைக்ராஸ்கோப் அடியில் வைத்தேன்.

நல்ல நிலையில் உள்ள கம்பி பளபளவென்று இருக்கும். சுருள்கள் ஒழுங்காக இருக்கும். இதன் கம்பி சாம்பல் பூத்து வெளிறி இருந்தது. மெலிந்த கலவையில் அளவுக்கு மீறிச் சூடானதன் அடையாளம் அது. சுருள்கள் ஒரு பக்கமாக நசுங்கியிருந்தன. பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே கலவை வெடித்து, அந்த அழுத்தம் கம்பியைச் சம்மட்டி மாதிரி அடித்ததன் அடையாளம். உடம்பில் பொடிப் பொடியாக அலுமினியத் துகள் ஒட்டியிருந்தது. என்ஜினின் உட்புறமே அரிபட ஆரம்பித்திருந்தது. கடுகு பொரிகிற சத்தம் என்று அவர் சொன்னது அந்த முன்வெடிப்பின் சத்தம்தான். அவர் காதுக்குக் கேட்டிருக்கிறது. பட்டம் வாங்கப் போகிற என் காதுக்குக் கேட்கவில்லை.

பிளக் நல்ல பிளக். எண்பது-இருபது கலவையில் அது மாசக்கணக்கில் உழைத்திருக்கும். சூடான பிளக், நைட்ரோ, மெலிந்த கலவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து அதை நான்தான் கொன்றேன்.

எப்படித் தேர்ந்தெடுப்பது?

இன்று பெரும்பாலோர் மின்மோட்டாருக்கும் லித்தியம் பாட்டரிக்கும் மாறிவிட்டார்கள். இருந்தாலும் விளக்கெண்ணெய் வாசத்தை விட மனமில்லாதவர்கள் இந்த அரங்கிலேயே சிலர் இருப்பீர்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்.

முதலாவது, என்ஜின் தயாரித்தவர் எந்த பிளக்கைச் சொல்கிறாரோ அதிலிருந்து தொடங்குங்கள். கடைக்காரரிடம் "எது நல்ல பிளக்?" என்று மட்டும் கேட்டால் போதாது. "என் என்ஜின் இது, நைட்ரோ இத்தனை சதவீதம், இதற்கு எது?" என்று கேளுங்கள்.

இரண்டாவது, மரை. வழக்கமான பிளக்கின் மரை கால் அங்குலம், அங்குலத்துக்கு 32 புரி. அதிலும் குட்டை, நீளம் என்று இரண்டு உண்டு. குட்டை பிளக் போட வேண்டிய சின்ன என்ஜினில் நீள பிளக் போட்டால் பிஸ்டனில் இடிக்கலாம். டர்போ பிளக் என்பது வேறு ஜாதி. அதன் மரையும் வேறு, அது உட்காரும் இடம் கூம்பு வடிவம். அதற்கென்று செய்த ஹெட்டில்தான் அது பொருந்தும். வழக்கமான பிளக்கில் செப்பு வாஷரை மறக்காதீர்கள். ஹெட் அலுமினியம், முறுக்கித் தள்ளினால் மரை போய்விடும்.

மூன்றாவது, வோல்டேஜ். எங்கள் கிளப்பில் ஒருவர் அவசரத்துக்கு மோட்டார் சைக்கிளின் 12 வோல்ட் பாட்டரியைக் கொடுத்தார். பிளக் ஒரே ஒரு மின்னல் மின்னிவிட்டுப் போய்ச் சேர்ந்தது.

நாலாவது, சோதனை. என்ஜின் முழு வேகத்தில் சூடாகி ஓடும்போது பாட்டரியைக் கழற்றுங்கள். வேகம் அப்படியே இருந்தால் பிளக் பொருத்தம். சட்டென்று குறைந்தால் பிளக் அளவுக்கு மீறிக் குளிர்ந்த வகை, அல்லது பழசாகிவிட்டது, அல்லது கலவையில் எரிபொருள் அதிகம். ஊசியை உச்ச வேகத்தில் வைத்துப் பறக்காதீர்கள். உச்சத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நிமிஷத்துக்கு இருநூறு முந்நூறு சுற்று குறையும் வரை திறந்துவிடுங்கள். வானத்தில் அந்தக் கொஞ்சம் உங்களைக் காப்பாற்றும்.

ஐந்தாவது, பிளக் அடிக்கடி போகிறதா? வேறு கம்பெனி பிளக்கைத் தேடி ஓடாதீர்கள். முதலில் ஊசியைத் திறந்து பாருங்கள். டாங்க் குழாயில் ஊசித் துளை இருக்கிறதா பாருங்கள். காற்று உறிஞ்சினாலும் கலவை மெலியும். அப்புறம் ஒரு படி குளிர்ந்த பிளக்கைப் போடுங்கள். அதுவும் போதாவிட்டால் ஹெட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய ஷிம் வைத்து அழுத்தத்தைக் குறைக்கலாம். புது என்ஜினைப் பழக்கும்போது உலோகத் துகள் வந்து கம்பியைக் கெடுக்கும். ஆகவே பழக்குவதற்குப் பழைய பிளக்கைப் போட்டு, பிறகு புதியதை மாட்டுங்கள்.

ஆறாவது, ஒரே வகையில் மூன்று நாலு பிளக் வாங்கி வைத்துக்கொண்டு, எந்த எரிபொருளில் எத்தனை தடவை பறந்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள். அந்த நோட்டை வைத்துத்தான் எந்த பிளக் நம்பகமானது என்று உங்களால் சொல்ல முடியும். முக்கியமான நாளுக்கு நாலைந்து தடவை பறந்து தேறிய பிளக்கைப் போடுங்கள். எரிபொருளை மாற்றினால் எல்லாச் சோதனையும் முதலிலிருந்து.

கடைசியாகப் பாதுகாப்பு. மெத்தனால் விஷம். அதன் சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. பிளக்கைக் கழற்றிச் சோதிக்கும்போது எரிபொருள் பாட்டிலைத் தள்ளி வையுங்கள். சுழலும் புரொபெல்லருக்கு நேர்ப்பக்கத்தில் நிற்காதீர்கள். பாட்டரியைப் பின்னாலிருந்து கழற்றுங்கள். பார்வையாளர் இருக்கும் பக்கம் விமானத்தைத் திருப்பவே திருப்பாதீர்கள், விமானமே போனாலும் சரி.

கடைசி வார்த்தை

சென்ற ஒன்றுகூடல் மலரின் முகவரிப் பட்டியலில் அந்த ஜூனியரின் போன் நம்பரைப் பார்த்தேன். கூப்பிட எனக்கு ஆறு மாசம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்ததையெல்லாம் சொன்னேன். "தப்பு என்னோடதுதான். உன்னை எல்லார் முன்னாலயும் பேசினது அதைவிடப் பெரிய தப்பு" என்றேன்.

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தச் சீட்டை நானும் ரொம்ப நாள் வெச்சிருந்தேண்ணே. கல்யாணத்துக்கு வீடு வெள்ளையடிச்சப்பதான் தூக்கிப் போட்டேன்" என்றார். பிறகு, "பிளக்கைக் கொண்டு வாங்க, நானும் பார்க்கணும்" என்றார்.

பெயரைச் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே சொல்லவில்லை. மகளோடு இந்த அரங்கில்தான் உட்கார்ந்திருக்கிறார். எல்லார் முன்னாலும் சொன்ன பழியை எல்லார் முன்னாலும் திரும்ப எடுத்துக்கொள்வதுதான் முறை. தம்பி, என்னை மன்னித்துவிடு. கூட்டம் முடிந்ததும் வந்து இந்தப் புட்டியை வாங்கிக்கொள். லென்சும் கொண்டு வந்திருக்கிறேன்.

இன்று இங்கே படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னவர் ஒருவர் சத்தம் கேட்கிறது என்று சொன்னால், என்ஜினை நிறுத்திவிட்டு அவர் சொல்வதைக் கேளுங்கள். அதற்கு ஒரு நிமிஷம்தான் ஆகும்.